தெரிந்து கொள்வோம்: 'தாறன்' என்ற சொல்லும் இரண்டு வருடக் கணக்கும்



சென்ற இதழில் வீட்டு வாடகைச் சட்டம் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த சிலர் தமிழ்க் கடையிலும் கோயில் வாசலிலும் என்னை மறித்து, "அது கிடக்கட்டும், கொடுத்த காசைத் திருப்பி வாங்க இந்த நாட்டிலை என்ன வழி? அதை எழுதும்" என்று கேட்டார்கள். ஒருவருக்குக் கைமாற்றுக் காசு வரவில்லை. இன்னொருவருக்குச் சீட்டுக் காசு. வேறொருவர் கூட்டாகக் கடை போட்டு இப்போது பங்காளியோடு முகம் பார்ப்பதில்லை. எல்லோரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான்: "எங்கடை ஆள் எண்டு நம்பிக் கொடுத்தது. கோடு கச்சேரி ஏறினால் சனம் என்ன சொல்லும்?"

ஆகவே இம்முறை காசு, ஒப்பந்தம், வியாபாரம் ஆகியவற்றில் வரும் பிணக்குகளை எழுதுகிறேன். நான் அப்புக்காத்து அல்ல. ஊரில் சாதாரண தரத்தோடு படிப்பு நின்றது. இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை. நூலகத்தில் வாசித்தும், சமூக சட்ட உதவி நிலையத்திலும் கோட்டு அலுவலகத்திலும் கேட்டும் அறிந்ததையே தருகிறேன். உங்கள் சொந்த விடயத்துக்கு ஒரு சட்டத்தரணியைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

எந்தச் சட்டம்? எந்தக் கோடு?

கனடா ஒரு நாடு என்றாலும் ஒப்பந்தச் சட்டம் ஒன்றல்ல. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் 'சொத்தும் குடியியல் உரிமைகளும்' என்ற துறையை மாகாணங்களிடம் விட்டது. கடன், கடை வாடகை, கூட்டு வியாபாரம், கட்டட வேலை எல்லாம் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். வட்டி, வங்குரோத்து, குற்றவியல் ஆகியவை மத்திய அரசின் கையில். ஆகவே மொன்றியலில் இருக்கும் உங்கள் மச்சான் சொல்லும் சட்டம் ஸ்காபரோவில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாது. கியூபெக்கில் 1994 முதல் நடைமுறையில் உள்ள தனிக் குடியியல் கோவை இருக்கிறது. அங்கே சிறு வழக்குக் கோட்டில் 15,000 டொலர் வரை கேட்கலாம். பொதுவாகச் சட்டத்தரணி வந்து வாதாட விடமாட்டார்கள். கடன் வழக்கு வைக்க அங்கே பொதுவான காலம் 3 வருடம். இங்கே நான் எழுதுவது ஒன்ராறியோச் சட்டம்.

ஒன்ராறியோவில் சாதாரண மக்களின் காசு வழக்குக்கு உரிய இடம் சிறு கோரிக்கை நீதிமன்றம். நம்மவர் 'ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோட்' என்று சொல்வது இதைத்தான். இது உயர் நீதிமன்றத்தின் ஒரு கிளை. இங்கே கேட்கக்கூடிய ஆகக்கூடிய தொகை 2010 சனவரி முதல் 25,000 டொலராகவும், 2020 சனவரி முதல் 35,000 டொலராகவும் இருந்தது. 2025 ஒக்டோபர் 1 முதல் 50,000 டொலர். அதற்கு மேற்பட்ட தொகைக்கு உயர் நீதிமன்றத்திலேயே வழக்கு வைக்க வேண்டும். அங்கே 200,000 டொலர் வரையான வழக்குகளுக்குச் சுருக்க நடைமுறை ஒன்று உண்டு. 55,000 டொலர் வரவேண்டியவர், மிச்ச 5,000 டொலரை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால் சிறு கோட்டிலேயே வழக்கு வைக்கலாம். தொகையை இரண்டாகப் பிரித்து இரண்டு வழக்கு வைக்க முடியாது.

வாய்ப்பேச்சு செல்லுமா?

"எழுத்து இல்லை, ஆகவே ஒன்றும் செய்ய ஏலாது" என்று பலர் கைவிட்டு விடுகிறார்கள். இது சரியல்ல. வாயால் பேசிய ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். கஷ்டம் அதை நிரூபிப்பதில்தான். நீங்கள் "கடன்" என்பீர்கள். எதிராளி "அன்பளிப்பு" என்பார், அல்லது "கடையில் பங்காகப் போட்டது, கடை நட்டப்பட்டது" என்பார். நீதிபதிக்கு இருவரையும் தெரியாது. உங்கள் தகப்பனார் ஊரில் எவ்வளவு மதிப்பான மனிதர் என்பதும் தெரியாது. ஆகவே வங்கிக் கணக்கு வழியாக அனுப்பிய காசு, அதில் 'கடன்' என்று எழுதிய குறிப்பு, வாட்சப்பில் வந்த "அடுத்த மாதம் தாறன் அண்ணை" என்ற செய்தி, காசு கொடுக்கும்போது நின்ற ஆள், இவையெல்லாம் சாட்சியங்கள். கையில் நோட்டாகக் கொடுத்து ஒரு துண்டும் வாங்காவிட்டால்தான் சிக்கல் பெரிதாகிறது.

இரண்டு விடயங்களில் எழுத்தும் கையொப்பமும் கட்டாயம் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்று காணி, வீடு சம்பந்தப்பட்ட ஒப்பந்தம். மற்றது பிணை: "அவன் கட்டாவிட்டால் நான் கட்டுவேன்" என்று வேறொருவரின் கடனுக்குப் பொறுப்பு நிற்பது. இங்கிலாந்தில் 1677இல் வந்த ஒரு பழைய சட்டத்தின் வழி வந்தது இது. இதற்கு மறுபக்கமும் உண்டு. நண்பருடைய கடை வாடகைக்கோ கார்க் கடனுக்கோ நீங்கள் பிணையாகக் கையொப்பம் வைத்தால், அவர் கட்டாத முழுத் தொகைக்கும் உங்களைப் பிடிக்கலாம். "சும்மா ஒரு கையெழுத்துத்தானே" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

இரண்டு வருடக் கெடு

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைக்க விரும்புவோர் இதை வைத்திருங்கள். ஒன்ராறியோவில் காசு வழக்கு வைக்கப் பொதுவான கெடு 2 வருடம். 2004 சனவரிக்கு முன் ஒப்பந்த வழக்குக்கு 6 வருடம் இருந்தது. புதிய சட்டம் அதைக் குறைத்தது. ஊரில் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடமும், எழுத்தில்லாததற்கு 3 வருடமும் உண்டு. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஆறுதலாகப் பார்க்கலாம் என்று இருப்பவர்கள்தான் மாட்டுப்படுகிறார்கள்.

கணக்கு இப்படி ஓடும். 2024 மார்ச் 1இல் தருவதாக வாங்கிய காசை அன்று தரவில்லை என்றால், 2026 மார்ச் 1க்கு முன் வழக்குப் பதிந்திருக்க வேண்டும். கடைசி நாள்வரை காத்திருப்பது புத்தியல்ல. திகதி குறிக்காமல், "கேட்கும்போது தா" என்று கொடுத்த கடனாக இருந்தால், நீங்கள் கேட்டும் அவர் கொடுக்கத் தவறிய நாளில் இருந்து கணக்குத் தொடங்கும். ஆகவே என்று கேட்டீர்கள் என்பதைக் குறித்து வைக்க வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மெசினில் நின்ற அண்ணர் ஒருவர், மனைவியைக் கூப்பிடச் சேர்த்த 12,000 டொலரை, சாப்பாட்டுக் கடை தொடங்கிய ஊரவர் ஒருவருக்குக் கொடுத்தார். ஆறு மாதத் தவணை. தவணை முடிந்ததும் கேட்டார். "தாறன் அண்ணை" என்றார் அந்த ஆள். தைப்பொங்கலுக்குத் தாறன், சித்திரைக்குத் தாறன், கடையை விற்றதும் தாறன். கலியாண வீடுகளில் கண்டால் முன்னுக்கு வந்து சுகம் விசாரிப்பார். அண்ணருக்குக் கடுமையாகக் கேட்க முகத்தாட்சண்யம். தவணை கடந்து 2 வருடமும் 4 மாதமும் போனபின்தான் ஒரு சட்ட உதவியாளரிடம் போனார். அவர் காசு எவ்வளவு என்று கேட்கவில்லை. தவணைத் திகதியைத்தான் முதலில் கேட்டார். இடையில் ஒரு டொலரும் திரும்பி வந்ததில்லை, கையொப்பமிட்ட ஒரு துண்டும் இல்லை. எதிராளி 'காலம் கடந்தது' என்று ஒரு வரி எழுதினாலே வழக்கு நிற்காது என்று சொல்லி அனுப்பி விட்டார். அந்த 12,000 டொலரும் ஓவர்ரைம் செய்து சேர்த்த காசு.

'தாறன்' என்ற வாய்ச்சொல் மணிக்கூட்டை நிறுத்தாது. ஆனால் நிறுத்தும் வழிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. கெடு முடிவதற்கு முன் இவற்றில் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, கடன்காரர் "இவ்வளவு தரவேண்டும்" என்று எழுதிக் கையொப்பம் வைத்தால், அன்றிலிருந்து இரண்டு வருடம் புதிதாகத் தொடங்கும்.

இரண்டாவது, கடனில் ஒரு பகுதியைக் கட்டினாலும் அப்படியே. 12,000 டொலரில் 100 டொலர் கட்டினாலும் போதும். ஆகவே "முழுசாய்த் தா" என்று சண்டை பிடிக்காமல், சிறு தொகையாவது வங்கி வழியாக வாங்குங்கள். அதற்குத் திகதியும் அத்தாட்சியும் இருக்கும்.

மூன்றாவது, இருவரும் உடன்பட்டு, கெடுவை நீட்டுவதாக எழுதிக் கொள்ளலாம்.

நான்காவது நம்மவர்களுக்கு நல்ல பொருத்தமானது. ஊரில் மத்தியஸ்த சபைக்குப் போவதுபோல, இங்கேயும் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரண்டு பக்கத்தாரும் சம்மதித்து, எந்தப் பக்கமும் சாராத மூன்றாம் ஆள் ஒருவரை இதைத் தீர்த்துவைக்கும்படி ஏற்றுக்கொண்டால், அந்தப் பேச்சு முடியும்வரை கெடு ஓடாது. ஆனால் அந்தப் பெரியவர் கடன்காரரின் பெரியப்பாவாக இருக்கக் கூடாது. "இன்ன திகதியில் இன்னாரை நடுவராக ஏற்றோம்" என்று எழுதி இருவரும் கையொப்பம் வைக்க வேண்டும். பேச்சு முறிந்தால் அந்தத் திகதியையும் எழுதி வையுங்கள்.

வட்டி: மாதக் கணக்கில் உள்ள பொறி

நம்மவர் வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவார்கள். "நூற்றுக்கு இரண்டு" என்றால் மாதத்துக்கு என்று எல்லோருக்கும் விளங்கும். ஆனால் மத்திய அரசின் வட்டிச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. வருடத்துக்குக் குறைந்த காலத்துக்கு வட்டி வீதம் குறித்து, அது வருடத்துக்கு எத்தனை வீதம் என்று எழுதாவிட்டால், வருடம் 5 வீதத்துக்கு மேல் கேட்க முடியாது. வீடு, காணி ஈடு வைத்த கடனுக்கு இது பொருந்தாது. 10,000 டொலருக்கு மாதம் 2 வீதம் என்றால் வருடத்துக்கு 2,400 டொலர். கடுதாசியில் மாதக் கணக்கு மட்டும் இருந்தால் 500 டொலருக்கு மேல் கேட்க முடியாது.

அளவுக்கு மீறிய வட்டி குற்றமும் ஆகும். 2025 சனவரி 1 முதல், தனி ஆளுக்குக் கொடுக்கும் புதிய கடனில் வருட வட்டி 35 வீதத்தைத் தாண்டினால் குற்றவியல் சட்டத்துக்குள் வரும். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் வருடத்துக்கு 36. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கடன் பட்டுக் கஷ்டப்படும் குடும்பங்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

சீட்டும் கூட்டுக் கடையும்

சீட்டுக்கென்று ஒன்ராறியோவில் தனிச் சட்டம் இல்லை. அதுவும் ஒரு ஒப்பந்தமாகவே பார்க்கப்படும். 20 பேர் மாதம் 500 டொலர் போடும் சீட்டில், முதலில் எடுத்தவர் கட்டாமல் விட்டால் யார் பொறுப்பு? சீட்டுத் தாச்சியா, எடுத்தவரா? இதைத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையொப்பம் வைத்து, ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தால் பாதிப் பிணக்கு இல்லை. மாதாமாதம் கட்டியதற்கும் எடுத்ததற்கும் கொப்பியில் கையொப்பம் வாங்குங்கள்.

கூட்டுக் கடை போடுபவர்கள் பங்காண்மைச் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேர் இலாப நோக்கோடு சேர்ந்து வியாபாரம் செய்தால், ஒரு வரி எழுதாவிட்டாலும் சட்டம் அவர்களைப் பங்காளிகளாகப் பார்க்கும். வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் இலாபமும் நட்டமும் சரி பாதி. நீங்கள் 40,000 டொலர் போட்டு மற்றவர் 10,000 டொலர் போட்டிருந்தாலும் இலாபத்தில் பாதிப் பாதிதான். அத்தோடு, கடை அலுவலாகப் பங்காளி வைத்த கடனுக்கு உங்கள் சொந்தச் சேமிப்பும் பொறுப்பு. இதைத் தவிர்க்கத்தான் பலர் கம்பனியாகப் பதிகிறார்கள். எதைச் செய்தாலும் யார் எவ்வளவு போட்டது, யார் சம்பளம் எடுப்பது, பிரிந்தால் எப்படிப் பிரிப்பது என்ற மூன்றையும் நல்ல உறவாக இருக்கும்போதே எழுதுங்கள். கோபம் வந்தபின் எழுத முடியாது.

கடை வாடகையில் இன்னொரு எச்சரிக்கை. குடியிருக்கும் வீட்டில் வாடகை பிந்தினால், வீட்டுக்காரர் வாடகைச் சபையின் உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்ற முடியாது. இதைச் சென்ற இதழில் பார்த்தோம். கடைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வாடகை நாளிலிருந்து 15 நாள் கடந்தும் கட்டாவிட்டால், 16ஆம் நாள் கட்டடக்காரர் பூட்டை மாற்றலாம். கடை வாடகைக்கு உச்ச வரம்பும் இல்லை. ஐந்து, பத்து வருடக் குத்தகையில் கையொப்பம் வைக்க முன் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் சில நூறு டொலர் வீண் செலவல்ல.

வீட்டுத் திருத்த வேலை

வீட்டு வாசலில் வந்து அல்லது வீட்டுக்குள் இருந்து எழுதிய 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். 2018 மார்ச் முதல், சூடேற்றி, குளிரூட்டி, சுடுதண்ணீர்த் தாங்கி போன்றவற்றை அழைக்காமல் வீடு தேடிவந்து ஒப்பந்தம் எழுதுவதே தடை செய்யப்பட்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை எழுதியிருந்தால், நீங்கள் புதிதாக வேலை கூட்டிச் சொல்லாதவரை, அதற்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாகக் கேட்க முடியாது.

மறுபக்கத்தில், கட்டட வேலை செய்து காசு கிடைக்காத நம் தொழிலாளிகளும் பலர். அவர்களுக்குக் கட்டுமானச் சட்டத்தில் ஒரு வலிமையான வழி உண்டு. வேலை செய்த கட்டடத்தின் மீதே உரிமை கோரிப் பதியலாம். ஆனால் அதற்குரிய கெடு மிகக் குறுகியது, 60 நாள். வேலை முடிந்த கையோடு சட்டத்தரணியிடம் போனால்தான் பலன்.

வழக்கு எப்படி நடக்கும்?

முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள்: எவ்வளவு, எதற்காக, எந்தத் திகதிக்குள். பல காசுகள் இந்தக் கடிதத்தோடேயே வந்துவிடும். வராவிட்டால் கோரிக்கைப் படிவம் நிரப்பிக் கோட்டிலோ இணையம் வழியாகவோ பதியலாம். பதிவுக் கட்டணம் நூறு டொலருக்குச் சற்று மேல். வருமானம் குறைந்தவர்கள் கட்டண விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கம்பனி மீது வழக்கு என்றால் பெயர்ப்பலகையில் உள்ள பெயரல்ல, பதிவில் உள்ள சரியான பெயர் வேண்டும்.

பதிந்த கோரிக்கையை 6 மாதத்துக்குள் எதிராளியிடம் முறைப்படி சேர்க்க வேண்டும். அவர் 20 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் எதிராளியாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கோட்டுக் கடுதாசி வந்தால் பயத்தில் லாச்சிக்குள் வைத்துவிட்டு இருக்காதீர்கள். 20 நாளில் பதில் இல்லை என்றால், உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடலாம். காசு கொடுக்க வேண்டியது உண்மை, ஒரேயடியாகக் கட்ட முடியாது என்றாலும், அதையே எழுதித் தவணை கேட்கலாம்.

பதில் வந்தபின் ஒரு சமரசச் சந்திப்பு நடக்கும். நீதிபதி ஒருவர் இருவரையும் வைத்துப் பேசுவார். இது கட்டாயம். 2020க்குப் பிறகு இவை பெரும்பாலும் காணொளியில்தான். அங்கே பேசியவற்றைப் பின்னர் விளக்கத்தில் எடுத்துச் சொல்ல முடியாது. ஆகவே மனம் விட்டுப் பேசலாம். அங்கும் முடியாதவைதான் விளக்கத்துக்குப் போகும். தோற்றவர் வென்றவரின் செலவில் ஒரு பகுதியைக் கொடுக்க நேரும்.

தமிழில் எழுதிய துண்டு செல்லும், ஆனால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். குற்ற வழக்கில்போல் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தானாக வரமாட்டார். நீங்களே ஒழுங்கு செய்ய வேண்டும். கட்டண விலக்குக் கிடைத்தவர்கள் கோட்டிடம் கேட்கலாம். உங்களுக்காகப் பேச, சட்டத்தரணி அல்லது 'பரலீகல்' எனப்படும் சட்ட உதவியாளரை அமர்த்தலாம். பரலீகல்களுக்கு 2007 முதல் ஒன்ராறியோச் சட்டச் சங்கம் அனுமதிப் பத்திரம் வழங்குகிறது. பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். 'படிவம் நிரப்பித் தாறன்' என்று காசு வாங்கும் எல்லோரும் அனுமதி பெற்றவர்கள் அல்ல. அதே சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் 30 நிமிடம் வரை இலவசமாக ஆலோசனை பெறலாம்.

தீர்ப்பு வந்தால் காசு வந்ததாக ஆகாது. கோடு காசு வாங்கித் தராது; வாங்கும் கருவியைத் தான் தரும். எதிராளியின் சம்பளத்தில் 20 வீதம் வரை பிடிக்கச் செய்யலாம். வங்கிக் கணக்கையும் பிடிக்கலாம். அவருடைய வீட்டின் மேல் தீர்ப்பைப் பதியலாம். வேலையும் இல்லை, சொத்தும் இல்லை என்றால் தீர்ப்புக் கடுதாசி கடுதாசியாகவே இருக்கும். வழக்கு வைக்க முன் இதையும் யோசிக்க வேண்டும்.

இரண்டு பயங்கள்

"அகதி வழக்கு முடியாமல் இருக்கிறது, நான் கோட்டுக்குப் போகலாமா?" என்று ஒரு தங்கச்சி கேட்டார். போகலாம். கடன் வழக்குக் குற்ற வழக்கு அல்ல. கோரிக்கைப் படிவத்தில் உங்கள் குடிவரவு நிலை பற்றிய கேள்வி இல்லை. கடன் கட்ட முடியாததற்காகச் சிறையும் இல்லை. ஆனால் கோடு விசாரணைக்கு அழைத்தும் போகாமல் இருந்தால் அது வேறு. இதேபோல், காசு வாங்க ஆள் விட்டு மிரட்டுவது குற்றம். கொடுத்தவரே குற்றவாளியாகி, அகதி வழக்கும் சிக்கலாகலாம்.

மற்றப் பயம், "ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கு, நான் கையெழுத்து வைச்சிட்டன்" என்பது. கையொப்பம் பொதுவாக ஆளைக் கட்டும். ஆனால் எல்லா நேரமும் அல்ல. ரொறொன்ரோவில் ஊபர் கம்பனிக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த டேவிட் ஹெலர் என்பவர், தங்களை ஊழியர்களாக மதிக்க வேண்டும் என்று 2017இல் வழக்கு வைத்தார். தொலைபேசியில் அவர் 'சம்மதம்' என்று அழுத்திய ஒப்பந்தமோ, பிணக்கு வந்தால் நெதர்லாந்துச் சட்டப்படி, அம்ஸ்ரடாம் நகரில் நடுவரிடம் போக வேண்டும் என்றது. அதற்குத் தொடக்கச் செலவு மட்டும் 14,500 அமெரிக்க டொலர். அவருடைய வருமானம் கிழமைக்கு 400 முதல் 600 டொலர். 2020 யூன் 26இல் கனடா உச்ச நீதிமன்றம், பேரம் பேசும் பலம் இல்லாத ஒருவர் மேல் சுமத்திய இந்த நிபந்தனை நியாயமற்றது, செல்லாது என்று தீர்த்தது. சாப்பாடு கொண்டு ஓடும் நம் பொடியள் நூற்றுக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பெயரை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இன்றைக்கே செய்யக் கூடியது

வீட்டில் ஒரு கொப்பி எடுங்கள். வரவேண்டிய காசு ஒவ்வொன்றுக்கும் நாலு விடயம் எழுதுங்கள்: கொடுத்த திகதி, தவணைத் திகதி, கடைசியாக ஒரு பகுதி கட்டிய திகதி, கையில் உள்ள அத்தாட்சி. தவணை கடந்து ஒன்றரை வருடம் போயிருந்தால் அதன் பக்கத்தில் சிவப்பில் கோடு போடுங்கள். அந்த ஆளிடம் இந்தக் கிழமையே போய், "தம்பி, எனக்கு உம்மில் கோபம் இல்லை, இதிலை ஒரு கையெழுத்து வையும்" என்று கேளுங்கள். உண்மையாகத் தர நினைப்பவர் வைப்பார். மறுத்தால் அடுத்து என்ன செய்வது என்று கேட்க உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கும்.

இனிக் கொடுக்கும்போது இருவரின் முழுப்பெயர், தொகை, 'கடன்' என்ற சொல், திருப்பித் தரும் திகதி, வட்டி இருந்தால் வருடக் கணக்கில், இவற்றை எழுதிக் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். சகோதரத்துக்கும் இதையே செய்யுங்கள். ஊரில் நொத்தாரிசு முன் உறுதி முடித்தவர்களை யாரும் சந்தேகக்காரர் என்று சொல்லவில்லைத்தானே.

அடுத்த இதழில், வேலை செய்த சம்பளம் தராத முதலாளி மேல் தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்வது பற்றி எழுதுவேன். உங்கள் கேள்விகளை ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். பெயர் வெளியிட மாட்டோம்.

மீண்டும் சந்திப்போம்.